எத்தனை மணி நேரம் தூங்கினால் போதும்? தூக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் வெளிவட்டச் சாலையில் உள்ள ஓர் அலுவலக வளாகத்தின் மருத்துவ அறையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். தலைவலி, நெஞ்செரிச்சல், மயக்கம் என்று வருகிறவர்களிடம் முந்தைய இரவு எப்போது படுத்தார்கள் என்று கேட்பது வழக்கம். மென்பொருள் பொறியாளர், வாயிற்காவலர், கேன்டீன் ஊழியர், கேப் ஓட்டுநர் என்று வருகிறவர்கள் வேறுவேறாக இருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்கள் திருப்பிக் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மாலையில் அல்சூரில் வீட்டுக்குத் திரும்பினால் அக்கம்பக்கத்தினர் கேட்பதும் அவற்றையேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கொடுத்து, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். மருத்துவரை நேரில் பார்க்க வேண்டிய இடங்களை அங்கங்கே குறித்துள்ளேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்கணும்?

வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வகுத்த வரம்பு இது. 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை. வயதானவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு.

இந்த எண்கள் தூங்கிய நேரத்தைக் குறிக்கின்றன; படுக்கையில் கிடந்த நேரத்தை அல்ல. பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிற ஒருவர், தூக்கம் பிடிக்க எடுத்த நேரத்தையும் இடையில் விழித்த நேரத்தையும் கழித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஆறரை மணி நேரத்துக்குள்தான் தூங்கியிருப்பார். ‘ஏழு மணி நேரம் தூங்குகிறேன்’ என்று என்னிடம் சொல்பவர்களில் பலர் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

தூங்கும்போது உடம்பு சும்மாதானே கிடக்குது? அதில் என்ன ஆரோக்கியம்?

உடம்பு அசையாமல் கிடக்கிறதே தவிர, உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக, இரவில் நான்கு முதல் ஆறு முறை நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் ஆகிய நிலைகள் வந்துபோகின்றன. கனவுத் தூக்கத்தை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் அடையாளம் கண்டார்கள்; தூக்கம் என்பது மூளையின் வெற்று ஓய்வு என்ற எண்ணம் அதன் பிறகுதான் தளர்ந்தது.

ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, தசைகளும் திசுக்களும் பழுதுபார்க்கப்படுகின்றன, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்குகின்றன. பகலில் கற்றவை நினைவில் நிலைபெறுவதும் தூக்கத்தில்தான். ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பாதியிலும், கனவுத் தூக்கம் பிற்பாதியிலும் கூடுதலாக அமைகின்றன. எனவே எட்டு மணி நேரத் தூக்கத்தில் கடைசி இரண்டு மணி நேரத்தை வெட்டினால் ஒவ்வொரு வகையிலும் கால் பங்கு குறைவதில்லை. கனவுத் தூக்கத்தில் பெரும் பகுதி போய்விடுகிறது. அலாரம் வைத்து நான்கரை மணிக்கு எழுந்துகொள்வதைப் பெருமையாகச் சொல்பவர்கள், முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பல வருஷமா ஆறு மணி நேரம்தான் தூங்குறேன். நல்லாத்தானே இருக்கேன்?

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்வதுதான் கடினம், ஏனென்றால் கேட்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆரோக்கியமானவர்களைப் பிரித்து, ஒரு சாராரை நான்கு மணி நேரமும், ஒரு சாராரை ஆறு மணி நேரமும், ஒரு சாராரை எட்டு மணி நேரமும் என்று 14 இரவுகள் தொடர்ந்து தூங்க அனுமதித்தார்கள். குறைவாகத் தூங்கியவர்களின் கவனமும் எதிர்வினை வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. இரண்டு வார முடிவில் அவர்கள் ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தார்கள். ஆனால் ‘தூக்கக் கலக்கம் எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்டபோது அவர்கள் சொன்ன அளவு முதல் சில நாள்கள் ஏறிவிட்டுப் பிறகு ஏறக்குறைய நின்றுவிட்டது. திறன் குறைந்துகொண்டே இருந்தது. குறைகிறது என்ற உணர்வு மட்டும் மழுங்கிவிட்டது.

ஆகவே ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. குறைவான தூக்கமே போதுமான மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் ‘டெக்2’ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2009-இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். ஆனால் அத்தகையவர்கள் மிக அரிது, அவர்கள் அலாரம் இல்லாமல் எழுவார்கள், விடுமுறை நாளிலும் கூடுதலாகத் தூங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர்.

சுகர், பிரஷர், தொப்பை எல்லாத்துக்கும் தூக்கம்தான் காரணம்னு சொல்றாங்களே, உண்மையா?

எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பது மிகை. அதற்கும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பரிசோதித்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அந்த ஒரே வாரத்தில் அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் விதம் நீரிழிவின் தொடக்க நிலையை ஒத்திருந்தது. 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு இரவுகள் தூக்கத்தைக் குறைத்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று உணர்த்தும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. அவர்கள் அதிகம் விரும்பியதும் இனிப்பும் மாவுப் பண்டங்களும்தான். இரவு பன்னிரண்டு மணிக்குக் கேன்டீனில் பஜ்ஜிக்கும் பன்னுக்கும் கூட்டம் சேர்வதற்கு நாக்கு மட்டும் காரணமல்ல.

இரத்த அழுத்தத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. இரவில் அழுத்தம் இறங்குவதால் இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு, தூக்கம் சுருங்கும்போது அதுவும் சுருங்குகிறது. அமெரிக்க இதய சங்கம் 2022-இல், இதய நலத்துக்கு அடிப்படையான காரணிகளின் பட்டியலில் உணவு, உடற்பயிற்சி, புகைபிடிக்காமை ஆகியவற்றோடு தூக்கத்தையும் எட்டாவதாகச் சேர்த்தது. எனினும், தூக்கத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ தாமாக நிறுத்துவது ஆபத்து.

மாசம் ஒரு தடவை சளி பிடிக்குது. பெங்களூர் குளிர்தான் காரணமா?

குளிரையும் மகரந்தத் தூளையும் தூசியையும் மறுக்க முடியாது. ஆனால் 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 153 பேரின் மூக்கில் சளி வைரஸ் துளிகளை விட்டுப் பார்த்தபோது, 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. வைரஸ் எல்லோருக்கும் ஒன்றுதான்; வேறுபட்டது தூக்கம்.

சனி, ஞாயிறு சேர்த்து வச்சுத் தூங்கினா சரியாயிடாதா?

ஓரளவு. ஒரு நீண்ட இரவுத் தூக்கத்துக்குப் பிறகு கலக்கம் குறையும், மனநிலை தெளியும். ஆனால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில், வாரநாள்களில் குறைவாகவும் வார இறுதியில் விருப்பம்போலவும் தூங்கியவர்களுக்கு, மறுபடி வாரநாள் தொடங்கியதும் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தே இருந்தது. தூக்கக் கடன் என்று சொல்வது வழக்கம் என்றாலும், வட்டியோடு திருப்பிக் கட்டிக் கணக்கை முடிக்கும் வசதி இந்தக் கடனில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஞாயிறன்று பதினொரு மணிக்கு எழுந்தவருக்கு அன்று இரவு ஒரு மணி வரை தூக்கம் வராது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழாமல் இருப்பதும், தேவையானால் முந்தைய இரவு சீக்கிரமே படுப்பதும் மேல். எழும் நேரத்தை நிலைப்படுத்தினால் படுக்கும் நேரம் தானாகவே அதன் பின்னால் வந்து சேரும். மறுவழியாக முயல்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் அமைவதில்லை.

மத்தியானம் தூங்கலாமா?

தூங்கலாம். இருபது அல்லது முப்பது நிமிடங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பாக. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை கனக்கும்; இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும். இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் பகல் தூக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

ராத்திரி பத்தரைக்கு அமெரிக்காவோட மீட்டிங் கால். முடிச்சுப் படுத்தா ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரலை. என்ன பண்றது?

கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்பது இங்கே கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. நவம்பர் முதல் மார்ச் வரை இந்தக் குறை கூடுதலாகக் கேட்பதற்கு அந்த ஒரு மணி நேர வேறுபாடு காரணம். கூட்டம் முடிந்த கையோடு தூங்க முடியாததற்குக் காரணம் திரையின் வெளிச்சம் மட்டுமல்ல. வாக்குவாதம் செய்தும், கணக்குச் சொல்லியும், தவறு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சியும் விழித்திருந்த மூளை அடங்குவதற்கு நேரம் தேவைப்படுகிறது. கூட்டத்துக்கும் படுக்கைக்கும் இடையே முக்கால் மணி நேரமாவது விட வேண்டும். அந்த நேரத்தில் விளக்கைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் குளித்து, மறுநாள் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடலாம். வெந்நீர்க் குளியல் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடலின் உள்வெப்பம் இறங்க உதவுகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்துக்கு வழிவிடுகிறது.

இரவுக் கூட்டம் தவிர்க்க முடியாததென்றால் மறுநாள் காலை ஒன்பது மணிக் கூட்டத்தைத் தவிர்க்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்குகிறவர்களை அதிகம் பார்க்கிறேன். இரண்டு கண்டங்களின் அலுவலக நேரத்தையும் ஒரே உடம்பு தாங்க வேண்டும் என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்காது.

எனக்கு முழு நைட் ஷிஃப்ட். பகல்ல எட்டு மணி நேரம் தூங்கினா கணக்கு சரிதானே?

எண்ணிக்கை சரி, தரம் அப்படியே இராது. உடலின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு நாள்கடிகை ஓடுகிறது. அதன் மூலக்கூறு இயக்கத்தை விளக்கியதற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகை வெளிச்சத்தைப் பார்த்தே நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. நீங்கள் காலை எட்டு மணிக்குப் படுக்கும்போது உடல் வெப்பமும் விழிப்பு ஹார்மோன்களும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே நான்கைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற பிரிவில் 2007-இல் சேர்த்து, 2019-இல் அதை மறுபடி உறுதி செய்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள மற்றவர்களைவிட உங்களுக்குக் காரணம் அதிகம்.

செய்யக் கூடியவை உண்டு. பணியின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். அறைக்குக் கனத்த இருண்ட திரை போடுங்கள். ஆனால் நான் கவனித்தவரையில், திரையைவிட முக்கியமானது வீட்டாரின் ஒத்துழைப்பு. குக்கர் விசில், கூரியர்காரரின் அழைப்புமணி, ‘ஒரு நிமிஷம்தான்’ என்று எழுப்பும் உறவினர் ஆகியவை இரவில் தூங்குபவருக்கு நேர்வதில்லை. பெண்களுக்கு இது இன்னும் கடுமை: இரவுப் பணி முடித்து வந்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, துணி துவைத்து, பதினொரு மணிக்குப் படுத்து, இரண்டரைக்குப் பள்ளி வாகனத்துக்காக எழுகிறவர்களிடம் திரை வாங்கச் சொல்வதில் பயனில்லை. வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதுதான் அங்கே மருத்துவம்.

தங்கவயல்லேர்ந்து தினமும் ரயில்ல வர்றேன். ரயில்ல தூங்கறது கணக்குல சேருமா?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் தமிழர்கள் ஏராளம். எங்கள் வளாகத்திலும் இருக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு சேரும் அவர்களிடம் ‘எட்டு மணி நேரம் தூங்குங்கள்’ என்று சொல்வது எளிது.

ரயிலில் உட்கார்ந்தபடி வரும் கோழித்தூக்கம் பெரும்பாலும் லேசான நிலையிலேயே நிற்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் கலைகிறது. இரவுத் தூக்கத்துக்கு அது ஈடாகாது, ஆனால் வீணும் அல்ல. காலைப் பயணத்தில் தூங்குவது நல்லது. மாலைப் பயணத்தில் நெடுநேரம் தூங்கினால், வீட்டில் படுத்ததும் தூக்கம் வராமல் போகக் கூடும். அதனால் திரும்பும்போது முதல் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு உணவை வீடு சேர்ந்து பத்து மணிக்கு வயிறு நிறைய உண்பதைவிட, மாலையிலேயே பாதியை முடித்துவிட்டால் படுக்கும் நேரம் முன்னால் வரும்.

எனக்குக் காபி குடிச்சாலும் தூக்கம் வரும். அப்போ குடிக்கலாம் இல்லையா?

குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும்; சிலருக்கு இன்னும் அதிகம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கத்தை இழந்தார்கள் என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. 400 மில்லிகிராம் என்பது அதிகம்தான், ஒரு தம்ளர் ஃபில்டர் காபியில் அவ்வளவு இராது. ஆனால் நாள் முழுக்க நான்கைந்து தம்ளர் குடிப்பவருக்கு அது எட்டாத அளவும் அல்ல. தூக்கம் வருகிறது என்பதாலேயே பாதிப்பு இல்லை என்று ஆகாது. காரணம், ஆறு மணி நேரத் தூக்கம் பற்றிய பதிலில் சொன்னதேதான். ஆழம் குறைவதைத் தூங்குகிறவரால் உணர முடியாது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு காபியும் கடுந்தேநீரும் வேண்டாம்.

ரெண்டு பெக் போட்டா நல்லாத் தூக்கம் வருதே?

மயக்கம் சீக்கிரம் வருகிறது. ஆனால் கனவுத் தூக்கம் குறையும், தொண்டைத் தசைகள் தளர்ந்து குறட்டை கூடும், பிறகு இரவின் பிற்பாதியில் மது சிதையும்போது விழிப்பு அடிக்கடி வரும். தூக்கத்துக்காக மது என்பது பழக்க அடிமைத்தனத்துக்கு மிகக் குறுகிய வழியும் ஆகும்.

எங்க வீட்டுக்காரர் படுத்த உடனே குறட்டை விட்டுத் தூங்கிடுவார். அது நல்ல தூக்கம்தானே?

குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக நம் வீடுகளில் நினைக்கிறார்கள். ‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. குறட்டை என்பது மூச்சு போகும் வழி குறுகியிருப்பதன் ஓசை. சிலருக்கு அந்த வழி தூக்கத்தில் முழுவதுமாகவே அடைத்துக்கொள்ளும்: குறட்டை திடீரென்று நிற்கும், பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சே இராது, பிறகு திணறலோடு மறுபடி தொடங்கும். இதைத் தூக்க மூச்சுத்தடை என்கிறோம். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் நிகழ்ந்தால் நோய். முப்பதுக்கு மேல் போனால் கடுமையான நிலை. ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, அழுத்தம் எகிறுகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியது துண்டு துண்டாகத்தான்.

மூன்று நான்கு மாத்திரைகள் எடுத்தும் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், காலைத் தலைவலி, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்தல், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுதல் ஆகியவற்றோடு குறட்டையும் இருந்தால் பரிசோதனை அவசியம். பருமனானவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றாலும், தாடை சிறியவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஒல்லியான உடலிலேயே இது வரும். நோயாளிக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. ஒரு நிமிட ஒலிப்பதிவைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பேருதவி.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ செல்லலாம். ஓசூர் சாலையில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலும் தூக்கக் கோளாறுகளைப் பார்க்கிறார்கள். ஓர் இரவு முழுக்க மூச்சு, ஆக்சிஜன், மூளை அலைகள் ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். கடுமையான நிலைக்கு ‘சிபாப்’ என்ற கருவி தரப்படும்; ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமல் காக்கிறது. முதல் வாரம் பலருக்கும் எரிச்சலாக இருக்கும்; அந்த வாரத்தில் கைவிட்டவர்களைக் காட்டிலும், முகமூடியின் அளவை மாற்றிக் கேட்டு வாங்கியவர்கள் தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

படுத்தா தூக்கமே வரலை. மெடிக்கல்ல கேட்டு ஒரு மாத்திரை வாங்கிக்கலாமா?

கூடாது. அல்பிராசோலம், சோல்பிடம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அளவு கூட்ட வேண்டிவரும், நிறுத்தினால் தூக்கமின்மை முன்னிலும் மோசமாகத் திரும்பும், முதியவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுவார்கள். முந்தைய கேள்வியில் சொன்ன மூச்சுத்தடை இருப்பவருக்கு இந்த மாத்திரைகளில் பலவும் நிலைமையை மோசமாக்கும்.

வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அன்று. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. அதன் சாரம் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டாமல் குறைக்கச் சொல்வார்கள். தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான ஒன்றைச் செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். கைபேசியும் அறைக்கு வெளியே இருக்கட்டும். அதன் ஒளியைவிட அதில் வரும் செய்திகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

அம்மாவுக்கு எழுபது வயசு. மூணு மணிக்கே எழுந்து உக்காந்துடறாங்க. பயப்படணுமா?

முதுமையில் நாள்கடிகை முன்னால் நகர்வதும், ஆழ்ந்த தூக்கம் குறைவதும் இயல்பு. ஒன்பது மணிக்கே படுத்து, மதியமும் ஒன்றரை மணி நேரம் தூங்கினால், மூன்று மணிக்குத் தூக்கத் தேவை ஏறக்குறைய முடிந்துவிடும். மாலை வெயிலில் சிறிது நடப்பதும், படுப்பதைப் பத்தரைக்குத் தள்ளுவதும் உதவும். நீர் பிரியும் மாத்திரையை இரவில் போடுகிறாரா என்று பாருங்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சீக்கிரம் விழிப்பதோடு அழுகையோ, உணவில் வெறுப்போ, யாரோடும் பேசாமையோ சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பையன் பத்தாவது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சாத்தான் மார்க் வரும்னு சொல்றான்.

பதின்ம வயதில் நாள்கடிகை பின்னால் நகர்வதால் பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராதது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. ஆனால் ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் பையன், படித்ததை நினைவில் நிறுத்தும் நேரத்தையே படிப்புக்காக விற்றுவிடுகிறான். இரண்டாம் பதிலில் சொன்ன கனவுத் தூக்கம் அவனுக்குப் பாதிகூடக் கிடைப்பதில்லை. அதிகாலை ஐந்தரை மணிக்குத் தனிப்பயிற்சி வகுப்பு வைப்பவர்களிடம் பெற்றோர் சேர்ந்து பேசலாம். பிள்ளையை மட்டும் திட்டுவதில் பொருளில்லை.

தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஸ்பீக்கர் வைக்கிறாங்க. யாரைக் கேக்கறது?

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலியளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. குறிப்பிட்ட சில திருவிழா நாள்களுக்கு மட்டும், ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். மற்ற நாள்களில் 112-ஐ அழைக்கலாம். நம் கோயில் கூழ் ஊற்றும் விழாவாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

கேப் ஓட்டறேன். தூக்கம் வந்தா ஜன்னலைத் திறந்து, பாட்டைச் சத்தமா வச்சுச் சமாளிச்சிடறேன். போதாதா?

போதாது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். குடித்தவரைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. தூங்காதவரைப் பிடிக்க எதுவும் இல்லை.

கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடுவது உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நான்கு நொடியில் வண்டி 65 மீட்டருக்கு மேல் போய்விடும். விமான நிலையச் சாலையில் பின்னிரவு இரண்டு முதல் ஐந்து மணிக்குள் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் அது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்குங்கள். எழும்போது காஃபினும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இதுவும் அந்த ஒரு பயணத்துக்குத்தான் உதவும்.

ஒன்பது, பத்து மணி நேரம் தூங்கறேன். இருந்தாலும் அசதியா இருக்கு. அதிகம் தூங்கினாலும் ஆயுசு குறையும்னு படிச்சேனே?

மக்கள்தொகை ஆய்வுகளில், மிகக் குறைவாகத் தூங்குகிறவர்களைப் போலவே மிக அதிகமாகத் தூங்குகிறவர்களிடமும் நோயும் இறப்பும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் நீண்ட தூக்கம் நோயைக் கொண்டுவருகிறது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஏற்கெனவே உடலில் இருக்கும் நோய் ஒருவரை நெடுநேரம் படுக்கவைத்திருக்கலாம். நோயிலிருந்து தேறுகிறவரும், பல வாரத் தூக்கக் குறைவை ஈடுசெய்கிறவரும் அதிகம் தூங்குவது இயல்பே.

மாதக்கணக்கில் அப்படி இருந்தால் தேட வேண்டியவை: இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்கம் வரவழைக்கும் பிற மருந்துகள், குறட்டை பற்றிய பதிலில் விவரித்த மூச்சுத்தடை. கைக்கடிகாரக் கருவி காட்டும் ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ போன்ற எண்களை வைத்துக் கலங்க வேண்டாம். தூங்கிய மொத்த நேரத்தை அவை ஓரளவு சரியாகக் கணிக்கும், நிலைகளைப் பிரித்துச் சொல்வதில் அவ்வளவு நம்பகமில்லை. அதைவிட, இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், இரவு விழிப்பு, பகல் தூக்கம், காபி, மாத்திரைகள் ஆகியவற்றைக் குறித்து, பக்கத்தில் படுப்பவர் சொல்வதையும் சேர்த்து எழுதி, அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை அவர் அதைப் பார்த்தே சொல்லக் கூடும்.